சோற்றுப்பானைச் சட்டம்

காலையில் எழுந்ததும் பாக்கியம் முதல் வேலையாகச் செவுளைக் கழுவினாள். காதுக்குக் கீழே, கழுத்தின் இரண்டு பக்கமும் பதித்திருந்த மெல்லிய மடிப்புகளைப் பிதுக்கி, உப்புநீரைப் பீய்ச்சி, மெத்தென்ற தூரிகையால் தேய்த்தாள். கடலுக்கடியில் வேலை பார்க்கிறவர்கள் செவுளைக் கவனிக்காமல் விட்டால் பாசி பிடித்துவிடும்; அப்புறம் பக்கத்தில் உட்கார ஆள் வராது. கழுவி முடித்ததும் இரண்டாவது வேலையாக ஜன்னலைத் திறந்து, வீடு இப்போது எங்கே இருக்கிறது என்று பார்த்தாள்.

முத்துமேடைக்காரர்கள் யாரும் இதைப் பார்க்காமல் காப்பி குடிப்பதில்லை. கடல் பொங்கித் தூத்துக்குடிக் கரையை விழுங்கிய பிறகு, மிச்சமிருந்த சனங்கள் மிதக்கும் வீடுகளைக் கட்டிக்கொண்டு பழைய கரைக்கு நேர் மேலேயே குடியேறிவிட்டார்கள். கடலடியில் நட்ட நங்கூரத் தூண்களில் உள்வட்ட வீடுகளைக் கயிற்றால் கட்டினார்கள். அந்த வீடுகளோடு வெளிவட்ட வீடுகளைக் கட்டினார்கள். கயிறு தளர்ந்தால் வீடு கொஞ்சம் நகரும். கயிறு போனால் வீட்டோடு ஆளும் போக வேண்டியதுதான். வாடைக்காலத்தில் அப்படிப் போன வீடு எதுவும் திரும்பி வந்ததில்லை.

பாக்கியத்தின் வீடு இருந்த இடத்திலேயே இருந்தது. அதோடு கட்டியிருந்த மெஹ்ரியின் வீடும் அப்படியே இருந்தது. ஆனால் இரண்டுக்கும் நடுவே தொங்கிய கயிற்றில் யாரோ சிவப்பு வண்ணம் பூசிவிட்டுப் போயிருந்தார்கள். அவிழ்க்கப் போகிறோம் என்பதற்கு அந்த ஊரில் அதுதான் அடையாளம்.

“ஏங்க, இங்க வந்து பாருங்க அக்கிரமத்த!”

அவள் கணவன் சூசை பல் துலக்கிக்கொண்டே வந்து எட்டிப்பார்த்தான். “நம்ம கயித்துல பூசலைல்லா? பெறகு ஏன் கெடந்து குதிக்கே?”

“நல்லாருக்கு நீங்க பேசுதது. அவ கயிறும் நம்ம கயிறும் வேறயா?”

“வேறதாம்ட்டி. அவளது சிவப்பா இருக்கு, நம்மது வெள்ளையா இருக்கு” என்று சொல்லிவிட்டு அவன் வாய் கொப்பளிக்கப் போனான்.

மெஹ்ரியின் பாட்டன், பாரசீக வளைகுடாக் கரையில் வெயில் மனிதன் நிற்க முடியாத அளவுக்கு ஏறிப்போனபோது, வீட்டோடு மிதந்து வந்து சேர்ந்தவர். மெஹ்ரி பிறந்தது, வளர்ந்தது, செவுள் பதித்துக்கொண்டது எல்லாம் முத்துமேடையில்தான். பாக்கியம் மூழ்கும்போது மேலே கயிறு பிடிக்கிறவள் அவள். அந்தக் கடலில் பழைய வழக்கம் ஒன்று உண்டு: மூழ்குகிறவனுக்கு மச்சான்தான் கயிறு பிடிக்க வேண்டும், தன் அக்காள் தாலியறுவதை எந்தத் தம்பியும் விரும்ப மாட்டான் என்ற கணக்கு. முத்துக்குளிப்பு மறைந்து போனாலும் வழக்கம் மறையவில்லை. அதனால் கயிறு பிடிக்கிறவர் எந்தச் சாதி, எந்தத் தேசம் என்றாலும் மச்சினர் முறைதான். மெஹ்ரிக்குப் பாக்கியம் மைனி, அதாவது அண்ணி.

வண்ணம் உலர்வதற்குள் பாக்கியம் சபைமேடைக்குப் போய்விட்டாள். சபைத்தலைவர் பல்தசார் கொரைரா அவளுக்காகவே காத்திருந்தவர்போல நாற்காலியைக் காட்டினார். மனிதர் தங்கமானவர்தான். ஊரில் ஒரு சாவு என்றால் முதல் ஆளாக வந்து நிற்பார். ஒரே ஒரு கிறுக்கு: தன் குடும்பம்தான் இந்தக் கரையின் ஆதிக்குடி என்று நாளுக்கு நாலு தடவை சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அவர் பெயரின் முன்பாதியும் பின்பாதியும் என்றைக்கோ கப்பலில் வந்து இறங்கியவை என்பதை யாரும் அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் மனசு நொந்துபோவார்.

“தூண் தாங்காது பாக்கியம். எஞ்சினீயர் சொல்லிட்டாரு. வாடைக்கு முன்னாடி பாரத்தக் கொறைக்கணும்.”

“புதுசா ஒரு தூண் நட்டா என்ன?”

“அதுக்கு ஊரே சேந்து மாசக்கணக்குல ஒழைக்கணும். யாரு செய்வா? கயித்த அவுக்க ஒரு ஆளு போதும்லா.”

“அந்தக் கயித்துல குடும்பம் இருக்கு தலைவரே.”

“நானா அவுக்கேன்? சட்டம்லா அவுக்கு!”

சட்டத்தை எழுதியவர் அவர்தான். முத்துமேடைக்கு நேர் கீழே, கடலடி மண்ணுக்குள், ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய துறைமுக ஊர் ஒன்று புதைந்து கிடந்தது. இவர்கள் அதைப் பழந்துறை என்றார்கள். ரோமாபுரிக் கப்பல்கள் வருவது குறைந்து வளைகுடாக் கப்பல்கள் பெருகிய காலத்து ஊர். பழந்துறையில் முதன்முதலில் குடியிருந்தவர் எவரோ, அவர் வழிவந்தவருக்கே நங்கூரத் தூணில் கயிறு, மற்றவர் அவிழ்க்கப்படுவர். இதுதான் சட்டம். முதலில் குடியிருந்தவர் எவர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கும் வழி எழுதியிருந்தார்: அடி அடுக்கில் கிடைக்கும் சோற்றுப் பானை எந்த மண்ணில் செய்யப்பட்டதோ, அந்த மண்ணின் மக்களே ஆதிக்குடிகள்.

சோற்றுப் பானை என்று அவர் குறிப்பாக எழுதியதற்குக் காரணம் இருந்தது. அந்தக் கடலடியில் எங்கே கையை விட்டாலும் வளைகுடாச் சாடியின் ஓடு அகப்படும். அடி கூம்பி, நீளமாய், கசியாமலிருக்க உட்புறம் தார்போன்ற நிலக்கீல் பூசிய சாடிகள். திராட்சை மதுவும் எண்ணெயும் ஏற்றி வந்தவை. எல்லா ஓட்டையும் கணக்கில் எடுத்தால் வளைகுடாக்காரர்கள் ஜெயித்துவிடுவார்கள். பல்தசாரா அதற்கு விடுவார்?

“சாடி யாவாரத்துக்கு வந்தது பாக்கியம். சாடி வந்தா ஆளு வந்ததா அர்த்தமா? சோறு பொங்கித் தின்னவந்தான் அந்த எடத்துக்காரன். நீயே சொல்லு, ஓட்டாய்வு படிச்சவ.”

பாக்கியத்தால் மறுக்க முடியவில்லை. பழைய பானை ஓடுகளை ஆராய்கிற ஓட்டாய்வாளர் ஊரில் அவள்தான். அவள் படித்த பாடமும் அதையேதான் சொன்னது. விற்கிற சரக்கு சாடியில் தனியாகப் பயணம் போகும். சமைக்கிற பானை தன் ஆளோடுதான் வரும். இந்த மனிதர் கெட்ட காரியத்துக்கு நல்ல தர்க்கத்தைப் பிடித்து வைத்திருக்கிறாரே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நீ பொய் ஒண்ணும் சொல்ல வேண்டாம்மா. கீழ போயி அடி அடுக்குப் பானைய எடுத்துட்டு வா. அது நம்ம தாமிரபரணி மண்ணாத்தான் இருக்கும். மிச்சத்த நடுவி பாத்துக்கும்.”

நடுவி என்பது ஊரின் தீர்ப்பு எந்திரம். ஆளை ஆள் நம்பாத ஊர் என்பதால் வாங்கி வைத்தார்கள். அதற்குச் சொந்தபந்தம் கிடையாது, தூக்கம் கிடையாது, தயவுதாட்சண்யம் கிடையாது. சட்டத்தில் எழுதியிருப்பதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் செய்யும். வாங்கி வைத்த நாளிலிருந்து அதைக் கண்டால் எல்லோருக்கும் உள்ளூர உதறல்தான்.

அன்றே பாக்கியம் மூழ்கினாள். மேலே மெஹ்ரி கயிற்றைப் பிடித்திருந்தாள். தன் வீட்டுக் கயிற்றின் வண்ணத்தை அவளும் பார்த்திருந்தாள். “பாத்துப் போங்க மைனி” என்றாள், வழக்கம்போல.

பழந்துறைக்குள் இறங்கும் குழி பல ஆண்டுகளாகத் தோண்டிய குழி. உச்சியில் கிடந்தது நம்முடைய அடுக்கு. நீங்களும் நானும் தூக்கிப்போட்ட பைகளும் பாட்டில்களும் சிமெண்ட் கட்டிகளும் அப்படியே கெட்டித்துக் கிடந்தன. அந்த அடுக்கு என்றாலே பாக்கியத்துக்கு எரிச்சல். எவ்வளவு வாரினாலும் தீராது, வாரிய பிறகும் அதிலிருந்து தெரிந்துகொள்ள ஒன்றும் இருக்காது. அதையெல்லாம் தாண்டிக் கீழே போனால்தான் மண்பாண்ட காலம் வரும். சுவரோரத்துச் சுண்ணாம்பு, சங்கறுத்த கழிவு, சாடி ஓடுகள், அப்புறம் தட்டுக்கட்டையால் தட்டித் தட்டி வரி பதித்த உள்ளூர்ப் பானைகள். இடுப்பிலிருந்த மண்முகரியை ஒரு கரிபிடித்த ஓட்டின்மேல் வைத்தாள். உள்ளங்கை அகலமுள்ள கருவி அது. மண்ணையும் அதில் ஊறிய கொழுப்பையும் முகர்ந்து, எங்கே செய்தது, எதைச் சமைத்தது என்று காதுக்குள் சொல்லும்.

“தாமிரபரணி வண்டல். காக்காப்பொன் துகள் உண்டு. அரிசி, சாளை மீன்” என்றது மண்முகரி.

பல்தசார் சொன்னபடியேதான் இருந்தது. இதை எடுத்துக்கொண்டு மேலே போனால் மெஹ்ரியின் கயிறு அவிழ்ந்துவிடும். ஆனால் இதுதான் அடி அடுக்கா? ஓட்டுக்குக் கீழே மண்ணின் நிறம் மாறியிருந்தது. விரலால் சுரண்டினாள். மணல் வந்தது. மணலுக்குள் சாம்பல் வந்தது. இன்னும் தோண்டியபோது மூன்று கற்களும், அவற்றுக்கு நடுவே கவிழ்ந்தபடி ஒரு முழுப்பானையும் வெளிப்பட்டன. சொரசொரப்பான, அடிகருத்த, அழகில்லாத பானை. மண்முகரியை வைத்தாள்.

“பாரசீக வளைகுடாக் கரை மண். அரிசி, சாளை மீன், எள்ளெண்ணெய்.”

இன்னொரு தடவை வைத்தாள். இன்னொரு தடவையும் அதையேதான் சொன்னது.

பாக்கியத்துக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. அந்தக் காலத்தில் இந்த இடம் வெறும் மணல்திட்டு. உள்ளூர்ச் சனம் ஆற்றுக்கு மேலே இருந்தது. கப்பலில் வந்தவன் காற்று மாறும்வரை மாசக்கணக்கில் இங்கே காத்துக்கிடந்தான். கொண்டுவந்த பானையில் இங்கத்து அரிசியைப் பொங்கினான். அவனுக்கு விற்கவும் அவனிடம் வாங்கவும்தான் உள்ளூர்க்காரர்கள் திட்டுக்கு இறங்கி வந்து வீடு கட்டினார்கள். ஊர் அப்படித்தான் முளைத்தது.

அடுத்த கணம் இன்னொன்றும் விளங்கியது. இந்தப் பானையை மேலே கொண்டுபோனால் மெஹ்ரியின் கயிறு தப்பும். தன் கயிறு போய்விடும். சூசையும் தானும் அந்த வீட்டோடு வாடைக்கடலில்! பானையை மறுபடி மணலுக்குள் அமுக்கினால் யாருக்கும் தெரியாது. அவள் கை பானையின் மேலேயே இருந்தது. அப்போது இடுப்புக் கயிறு லேசாக ஒரு தடவை சுண்டியது. ‘நல்லாயிருக்கீங்களா’ என்று மேலேயிருந்து கேட்கிற சுண்டல். மெஹ்ரி எப்போதும் கேட்பதுதான். பாக்கியம் பதிலுக்குச் சுண்டிவிட்டு, பானையை மார்போடு அணைத்துக்கொண்டு மேலே வந்தாள்.

தளத்தில் பல்தசார் நின்றிருந்தார். மண்முகரி சொன்னதை அவள் சொல்லக் கேட்டதும் அவர் முகம் செத்துப்போனது.

“போட்டுட்டு வேற எடும்மா. கீழ எவ்வளவோ கெடக்கும்லா.”

“அடி அடுக்குன்னு எழுதுனது நீங்க. சோத்துப் பானைன்னு எழுதுனதும் நீங்க.”

“ஏய், ஒன் கயிறும் போயிரும்ட்டி, பைத்தியக்காரி!”

“போட்டும். ஒரு ஓட்டப் பாத்து இன்னொரு ஓடுன்னு சொல்ல எனக்கு வாய் வராது. நீங்க வேணா சொல்லிப் பாருங்க, நடுவிகிட்ட.”

நடுவி பானையை வாங்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தது. பிறகு ஊர் முழுக்கக் கேட்கும் குரலில் தீர்ப்பைச் சொன்னது.

“அடி அடுக்கின் சோற்றுப் பானை வளைகுடா மண்ணால் ஆனது. ஆகவே பழந்துறையின் ஆதிக்குடிகள் வளைகுடா மக்கள். கயிறு அவர்களுக்கே உரியது. மற்றவர்களின் கயிறுகள் வாடைக்கு முன் அவிழ்க்கப்படும்.”

“அது யாவாரத்துக்கு வந்த பானையா இருக்கலாம்லா?” என்று பல்தசார் கத்தினார்.

“சோறு பொங்கியவனே அந்த இடத்துக்காரன் என்பது சட்ட முன்னுரையில் தங்கள் வாக்கியம்” என்றது நடுவி.

பாக்கியம் முன்னே வந்தாள். “அந்தப் பானைக்குள்ள இருந்த அரிசி யாரு அரிசி? மீனு யாரு புடிச்ச மீனு? பானை அவங்களது, சோறு நம்மளது. ரெண்டு பேரும் சேரலன்னா இங்கன ஊரே இல்ல. அதச் சொல்லுதா உங்க சட்டம்?”

“சட்டம் பானையைப் பற்றியது. அரிசியைப் பற்றி அதில் எதுவும் இல்லை.”

அவள் சொன்னதை வேறு யாரும் காதில் வாங்கவில்லை. வெளிவட்டத்தில் வளைகுடாக்காரர்கள் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தார்கள். உள்வட்டத்தில் பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள். சூசை வீட்டுக்குள் போய்ப் படுத்துவிட்டான். “ஊருக்கு உபகாரம் பண்ணப் போன மகராசி” என்று சுவரைப் பார்த்துச் சொன்னான்.

மறுநாள் காலை பாக்கியம் ஜன்னலைத் திறந்தபோது, எதிரே பல்தசாரின் வீட்டுக் கயிற்றுக்கு மெஹ்ரியின் தம்பி சிவப்பு வண்ணம் பூசிக்கொண்டிருந்தான். வண்ண வாளியைப் பிடித்திருந்தவள் மெஹ்ரி. பாக்கியம் செவுள்கூடக் கழுவாமல் அப்படியே ஓடினாள்.

“ஏட்டி மெஹ்ரி! என்னட்டி பண்ணுதே?”

மெஹ்ரி வாளியைக் கீழே வைக்கவில்லை. “சட்டப்படிதான் மைனி.”

“நேத்து ஒன் கயித்துல இதே வண்ணந்தான இருந்துச்சு? அந்த ஈரங்கூட இன்னும் காயலையே!”

“அது நேத்தா? எங்க ஆத்தா இந்த வண்ணத்துக்குப் பயந்து வருசக்கணக்கா ஒழுங்கா ஒறங்கல மைனி. மிதந்து வந்த மூதிகன்னு சொல்லிச் சொல்லித்தான் எங்களுக்குத் தண்ணி ஊத்துனாங்க. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு அவங்க பயந்தா என்ன?” பிறகு மெதுவாகச் சொன்னாள்: “ஒங்க கயித்தத் தொட மாட்டோம். எங்க ஆளுககிட்டப் பேசிட்டேன். நீங்க எங்களுக்காக நின்னவங்க.”

பாக்கியத்துக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. “எனக்குக் கயிறு தர நீ யாருட்டி? ஒனக்குக் கயிறு இல்லன்னு சொல்ல அவரு யாரு? பிச்ச போடுதியோ எனக்கு? ஒன் கயிறும் வேண்டாம், அவரு கயிறும் வேண்டாம். நான் கீழ போறேன். வந்து புடி!”

“எதுக்கு மைனி? அடி அடுக்குதான் வந்துட்டே.”

“அடிக்கும் கீழ அடி இருக்கு.”

மெஹ்ரி வாளியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, வேட்டிபோல் மடித்துக் கட்டியிருந்த உடுப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். சண்டை எவ்வளவு முற்றினாலும் மூழ்குகிறவள் கூப்பிட்டால் கயிறு பிடிக்க வராமலிருக்க முடியாது. அந்த வழக்கத்தை மீறியவள் அந்தக் கடலில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

பாக்கியம் மூன்று அடுப்புக்கற்கள் கிடந்த இடத்துக்கே போனாள். கற்களைப் புரட்டினாள். சாம்பலை வழித்தாள். அதற்குக் கீழே கை முழங்கைவரை இறங்கியது. ஓடு இல்லை. எலும்பு இல்லை. நண்டு வளை, கிளிஞ்சல், வெறும் கடல்மணல். ஒரு கூடை நிறைய அள்ளினாள். மேலே வந்ததும் மெஹ்ரி கூடையைப் பார்த்தாள். அவளுக்கும் ஓட்டாய்வு கொஞ்சம் தெரியும், முகம் வெளுத்துப்போனது.

“மைனி, வேண்டாம். இதக் குடுத்தா…”

“குடுக்கத்தான் எடுத்தேன்” என்று பாக்கியம் நேரே சபைமேடைக்கு நடந்தாள். பின்னால் ஊரே வந்தது. வெளிவட்டமும் உள்வட்டமும் தனித்தனிக் கும்பலாக வந்து, இடித்துக்கொண்டு நின்றன.

கூடையை நடுவியின் முன்னே கவிழ்த்தாள். “இதுதான் அடி அடுக்கு. அந்த அடுப்பு இதுமேலதான் இருந்துச்சு. பாத்துச் சொல்லு.”

நடுவி மணலைச் சலித்துப் பார்த்தது. அது இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு யாரும் கண்டதில்லை.

“அடி அடுக்கில் சோற்றுப் பானை எதுவும் இல்லை. ஆகவே ஆதிக்குடி எவரும் இல்லை. கயிற்றுரிமை எவருக்கும் இல்லை. வாடைக்கு முன் எல்லாக் கயிறுகளும் அவிழ்க்கப்படும்.” கொஞ்சம் நிறுத்தி, “என் மேடையின் கயிறும் அதில் அடங்கும்” என்று சேர்த்துக்கொண்டது.

அடேயப்பா, அதற்கப்புறம் நடந்ததைப் பார்க்க வேண்டுமே! அதுவரை ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத இரண்டு கும்பலும் ஒரே குரலில் அலறின. பாக்கியத்தைப் பார்த்து, “ஊரக் கெடுத்துட்டியே பாவி” என்றார் பல்தசார். “நல்லா இருப்பியா?” என்றாள் வளைகுடாக் கிழவி ஒருத்தி. திட்டுவதிலாவது இவர்கள் ஒன்று சேர்ந்தார்களே என்று பாக்கியம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“எல்லாரையும் கொல்லப் பாக்குதியே!”

“நானா எழுதுனேன்? வேண்டாம்னா கிழிச்சுப் போடுங்க. இல்லன்னா எல்லாரும் சேந்து மிதப்போம், எனக்கு ஒண்ணும் பயமில்ல.”

பயம் இருந்தது.

அன்று உச்சிவெயில் சாய்வதற்குள் சட்டம் ரத்தாகிவிட்டது. ரத்துசெய்யும் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் பல்தசார், வழிமொழிந்தவள் மெஹ்ரி. ஆனால் சட்டம் போனால் பாரம் போகுமா? தூண் பழைய தூண்தான், வாடை வரத்தான் போகிறது. வேறு வழியில்லாமல் புதுத்தூண் நடுவது என்று முடிவானது. யாரு செய்வா என்று கேட்டவர்களே செய்தார்கள். உள்வட்டத்து ஆட்கள் வார்ப்பு வேலை பார்த்தார்கள், வெளிவட்டத்து ஆட்கள் குழி தோண்டினார்கள். பல்தசார் தன் வயதையும் பாராமல் சேறு சுமந்தார். அவருக்கு மேலே கயிறு பிடித்தவன் மெஹ்ரியின் தம்பி. முறைப்படி அவனை மச்சான் என்று அழைக்க வேண்டியதாயிற்று. முதல் நாள் அந்த வார்த்தை அவர் தொண்டையில் மாட்டியது. மூன்றாம் நாளிலிருந்து தாராளமாக வந்தது. பாக்கியத்துக்கு உள்ளுக்குள் பூரித்துப்போனது. எப்படியோ, மனுசங்க திருந்திட்டாங்க என்று சூசையிடம் சொன்னாள். சூசை அடுப்பிலிருந்த குண்டானைப் பார்த்தான்.

தூணை இறக்கும் நாள் வந்தது. விடிந்ததும், இறக்குவதற்கு முன் குழியைக் கடைசியாகப் பார்த்துவர வேண்டியது பாக்கியத்தின் பொறுப்பு. மூழ்கிப் போனாள். குழிக்குள் விளக்கை அடித்தவள் அப்படியே மலைத்துப்போனாள்.

குழி நிறையப் பானைகள். அலுமினியக் குண்டான், எவர்சில்வர் தவலை, பிரஷர் குக்கர், மண்சட்டி, வளைகுடாக்காரர்களின் செப்புத் தேக்சா. ஊரே இரவோடிரவாக, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவராக வந்து, தங்கள் வீட்டுச் சோற்றுப் பானையைக் குழிக்குள் போட்டுவிட்டுப் போயிருந்தது. நாளைக்கு எவனாவது தோண்டி, இன்னொரு சட்டம் எழுதினால்? அடி அடுக்கில் தன் பானை இருக்கட்டும் என்று ஒவ்வொருவரும் நினைத்திருந்தார்கள். சில பானைகளில் மறக்காமல் குடும்பப் பெயரையும் வெட்டியிருந்தார்கள்.

பாக்கியத்துக்கு வந்த கோபத்தில் செவுள் விரிந்து விரிந்து மூடியது. இரண்டு கையையும் விட்டு எல்லாவற்றையும் புரட்டினாள். மேலே கிடந்ததைக் கீழே தள்ளினாள், கீழே கிடந்ததை மேலே இழுத்தாள். கொரைராவின் தவலைக்குள் மெஹ்ரியின் தேக்சாவைச் செருகினாள். எவன் வந்து தோண்டினாலும் எது முதல் எது கடைசி என்று கண்டுபிடிக்கக் கூடாது! அப்படிப் புரட்டிக்கொண்டே போனபோது எல்லாவற்றுக்கும் அடியில், மணலோடு மணலாக, பிடி வளைந்த ஒரு குண்டான் கிடந்தது. அவளுக்கு அதைத் தெரியும். நேற்று அதில்தான் சோறு வடித்தாள்.

“சூசை!” என்று தண்ணீருக்குள் அவள் போட்ட கூச்சல் குமிழியாக மேலே போனது. ஊரில் முதல் ஆளாக வந்து போட்டவன் அவள் புருஷன்தான்.

மற்ற எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டு, அந்தக் குண்டானை மட்டும் பிடுங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேலே வந்தாள். “குழி எப்படி?” என்று பல்தசார் எங்கோ பார்த்தபடி கேட்டார். “சுத்தமா இருக்கு, எறக்குங்க” என்றாள். கூடியிருந்தவர்கள் எல்லோரும் ஏககாலத்தில் மூச்சுவிட்டதை அவள் கவனித்தாள். தூண் இறங்கியது. அதன் எடையில் கீழே ஏதோ நொறுங்கும் சத்தம் கேட்டது. யாரும் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்து குண்டானைச் சூசையின் முன்னால் தொப்பென்று வைத்தாள். “மத்தியானம் சோறு எதுல பொங்குறதா உத்தேசம்?” என்றாள். அரிசியைக் களைந்து அடுப்பில் ஏற்றினாள்.

மிதக்கும் ஊரில் எடைதான் எதிரி. வீட்டுக்கு ஒரு சோற்றுப் பானைக்குமேல் யாரும் வைத்துக்கொள்வதில்லை. ஆகவே அன்று மத்தியானம் முத்துமேடையில் அடுப்பெரிந்த ஒரே வீடு பாக்கியத்தின் வீடு. உலை கொதிக்கும் வாசனை பரவப் பரவ, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆட்கள் அரிசியை முந்தியிலும் துண்டிலும் முடிந்துகொண்டு வந்து சேர்ந்தார்கள். பானையை என்ன செய்தீர்கள் என்று ஒருவரையொருவர் யாரும் கேட்கவில்லை. வரிசை பாக்கியத்தின் வாசலிலிருந்து வெளிவட்டம்வரை நீண்டது.

வரிசை என்று ஒன்று வந்துவிட்டால் அப்புறம் கேட்க வேண்டுமா?

“நாந்தான் மொதல்ல வந்தேன்!”

“யாரு? நீயா? நான் வரும்போது இங்கன ஒரு குஞ்சு கெடையாது!”

“யோவ், எங்க ஆத்தா விடியக்காலம் வந்து எடம் புடிச்சிருக்கா!”

“கொரைரா குடும்பந்தான்யா இந்த வாசலுக்கு மொத ஆளு!”

பிடித்துத் தள்ளியதில் மெஹ்ரியின் அரிசி கொட்டியது. வாசல் தளமே சாய்ந்து ஆடியது. பாக்கியம் அகப்பையோடு வெளியே வந்தாள். தூண் நட்டவர்களின் தலைகூட இன்னும் காயவில்லை!

“வாய மூடுங்க எல்லாரும்!” என்றாள். “என் வீடு, என் பானை, என் சட்டம். இங்கன மொதல்ல வந்தவனுக்குச் சோறு கெடையாது. கடேசியா எவன் வந்தானோ அவனுக்குத்தான் மொத உலை!”

வரிசையின் முன்பக்கம் கலைந்தது. ஒவ்வொருவராகப் பின்னால் ஓடினார்கள். ஓடியவர்களை முந்திக்கொண்டு மற்றவர்கள் ஓடினார்கள். அத்தனை பேருக்கும் பின்னால், மிதவைத் தளத்தின் கடைசி விளிம்பில், ஒரு கால் தண்ணீருக்குள் தொங்க, பல்தசார் கொரைரா நின்றுகொண்டு தொண்டை கிழியக் கத்தினார்:

“நான் இப்பத்தாம்மா வந்தேன்! எனக்கு முன்னாடியே எல்லாரும் இங்கன இருந்தாங்க! வேணும்னா கேட்டுப் பாரு!”